கசிவுப் பராமரிப்பு

"ஒரு சொட்டு எப்பம்மா சொட்டாகுது?" என்று படகு வாரியத்தின் கண்காணிப்பாளர் என்னிடம் ஒருமுறை கேட்டார். "விளிம்புல திரண்டு நிக்கிறப்பவா, கழண்டு விழறப்பவா, இல்ல கீழ போய்ச் சேர்ந்த பிறகா?"

யார் எது கேட்டாலும் எனக்குப் பதில் மறுநாள்தான் வரும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவர் வம்புக்குக் கேட்கவில்லை. சொட்டு என்றால் என்ன என்று விதிப்புத்தகத்தில் யாருமே எழுதிவைக்கவில்லை என்பதை அன்று காலைதான் அவர் கண்டுபிடித்திருந்தார். அது அவரை உண்மையாகவே வாட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, சின்னப் பொண்ணுக்கே தெரியலை," என்று அப்பா பக்கம் திரும்பினார். "அப்ப நாங்க எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்?"

அந்தச் சொட்டு எங்கள் படகின் சொட்டு. அப்பாவிடம் இருபத்து நான்கு பேர் உட்காரும் படகு ஒன்று இருந்தது. துறைமுகத்துக்கும் எதிரே இருக்கும் தீவுக்கும் நடுவே நாளைக்கு எட்டு நடை. தீவுக்காரர்கள் வேலைக்கு வருவதும் ஆஸ்பத்திரிக்கு வருவதும் அதில்தான். அந்தத் தடத்துக்கான உரிமம் இருபத்திரண்டு வருடமாக அப்பா பெயரில் இருந்தது. அதில் ஒரு சிவப்பு மைக் குறிப்புகூட விழுந்ததில்லை.

பவர் ஸ்டியரிங் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு குழாய் வழியாக ஆயில் பின்பக்கம் போகும். அங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு சிலிண்டர். ஆயில் தள்ளத் தள்ள அதற்குள்ளிருந்து ஒரு ராடு வெளியே வந்தும் உள்ளே போயும் எஞ்சினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். ராடு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ராடை வரவிட வேண்டும், ஆயிலை வரவிடக் கூடாது. அதற்கு அவ்வளவுதான் வேலை. எங்கள் படகில் அந்த வளையம் காய்ந்துபோய் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. ஒரு விரலால் திருப்பிய சக்கரத்தை அப்பா இரண்டு கையாலும் திருப்ப வேண்டியதாயிற்று.

மெக்கானிக் வந்து பார்த்தார். அவரை எல்லோரும் அரைமணி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையைக் காட்டினாலும் அரை மணி நேர வேலை என்பார். பிறகு மூன்று நாள் இழுப்பார். அன்றும் அதையேதான் சொன்னார்.

"அரை மணிதாண்ணே. கழட்டி, வளையத்தை மாத்தி, ஆயில ஊத்தி, உள்ள இருக்கற காத்தை எடுத்துட்டா முடிஞ்சுது. வளையம் என் பையிலயே இருக்கு."

அவர் ஆயுளில் அந்த வார்த்தை உண்மையாக இருந்தது அந்த ஒரே தடவைதான் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

அப்பா சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின வருடம்தான் நீர்வழி ஊர்திப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று வந்திருந்தது. ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எந்தப் பாகத்தையும் வாரியத்தின் முன் அனுமதியின்றித் தொடக் கூடாது என்று படகுத்துறையில் பலகை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அந்தப் பலகையைப் படித்தார்கள், அதன்மேல் ஈரத் துணியைக் காயப்போட்டார்கள், தங்கள் ஸ்டியரிங்கைத் தாங்களே தொட்டுக்கொண்டார்கள். அப்பா துணியை விலக்கிவிட்டு மூன்று தடவை படித்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு படகு இல்லாதபோதும் தன் பக்கமாகவே ஓட்டுகிறவர் அவர்.

"முறைப்படி செஞ்சுடுவோம்," என்றார். "ஒரு நாள் போகும். போகட்டுமே."

நாங்கள் மாட்டிக்கொண்டது அந்த ஒரு வார்த்தையில்தான்.

வாரிய அலுவலகம் துறைமுகத்தின் பழைய சுங்கக் கிடங்கில் இருந்தது. கடலைப் பார்த்த ஜன்னல்களை எல்லாம் அலமாரி வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஐந்து ஜன்னல்கள், கம்பி போட்டவை. மூன்றாவதில் இருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவார். அவர் கொடுத்த கசிவு அறிவிப்புப் படிவம் நான்கு பக்கம் இருந்தது. அப்பாவுக்கு என் கையெழுத்தின்மேல் நம்பிக்கை; அதனால் என்னை எழுதச் சொல்லி அழைத்துப்போயிருந்தார். ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டோம். கசிவு தொடங்கிய நாளும் நேரமும் கேட்டிருந்தது.

அப்பா தெரியாது என்று போடச் சொன்னார். மூன்றாம் ஜன்னல் அக்கா அவசரமாகத் தடுத்தார்.

"தெரியாதுன்னு போட்டா மறைச்சதா ஆயிடும்ண்ணே. நேத்து சாயங்காலம் நாலு மணின்னு போடுங்க. இந்தத் துறைமுகத்துல எல்லாமே நேத்து சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கசிஞ்சிருக்கு."

அப்பாவுக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. 'ஏறக்குறைய நாலு மணி' என்று எழுதவைத்தார். மறுநாள் படிவம் திரும்பி வந்தது. ஏறக்குறைய என்ற நேரம் வாரியத்தின் கடிகாரத்தில் இல்லை என்று மேலே குறிப்பு எழுதியிருந்தது. அப்பா நிறைய நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னார். அவர் எழுதவைத்த முதல் பொய் அது. கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

அன்று மதியமே ஓர் ஆள் வந்து படகின் சக்கரத்தில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். கசிவு நீக்கப்பட்டதாக வாரியம் சான்று தரும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது. எங்கள் கையில் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. தொடர்ந்து தொண்ணூறு நாள் ஓடாத தடத்தின் உரிமம் தானாகவே காலாவதியாகும்.

நான் அதைப் படித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். "அரை மணி வேலைக்குத் தொண்ணூறு நாளா? விடும்மா."

பதினோராம் நாள் ஆய்வாளர் வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. படகில் புது ஆள் கால் வைக்கிறார் என்றால் அழுக்குப் படகில் ஏறவிட மாட்டார்கள். அது படகுக்காரனுக்கு இழுக்கு. அப்பா விடியற்காலையில் போய்த் தளத்தைக் கழுவினார், இருக்கைகளைத் துடைத்தார், கம்பிகளைப் பளபளக்க வைத்தார். அந்தக் கையோடு சிலிண்டரையும் துடைத்தார். வாயோரம் கட்டியிருந்த ஆயில் பிசுக்கைப் பழைய பனியனால் சுத்தமாக வழித்தெடுத்து, கீழே வைத்திருந்த தகர டப்பாவையும் கவிழ்த்துக் கழுவி வைத்தார்.

ஆய்வாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். ராடை விரலால் தடவி விரலைப் பார்த்தார். கையுறை வெள்ளையாகவே இருந்தது.

"கசிவு எங்க?"

சக்கரத்தைத் திருப்பினால் வரும் என்றார் அப்பா. திருப்புங்கள் என்றார் ஆய்வாளர். எஞ்சின் ஓடினால்தான் சிலிண்டருக்கு அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால்தான் சொட்டும் என்று அப்பா விளக்கினார். எஞ்சினை ஓட்டக் கூடாது என்று சிவப்புச் சீட்டு சொல்கிறதே என்றார் ஆய்வாளர். ஆமாம் என்றார் அப்பா. இருவரும் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி ஆய்வாளர் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார். விதிப்படி பத்து நிமிடம்தான். கூடுதல் இரண்டு நிமிடம் அப்பாவின் முகத்துக்காக என்று சொன்னார். பிறகு, கசிவு காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப படகை எடுக்கலாங்களா?"

எப்படி எடுக்க முடியும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கசிவு நீக்கப்பட்டால்தான் சீட்டை அவிழ்க்கலாம். இல்லாத கசிவை எப்படி நீக்குவது? கசிவு இல்லாத இந்தப் படகுக்குச் சீட்டு அவிழ்க்க வழியே இல்லை. நல்ல வேளையாகக் கசிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

இப்படித்தான் நாங்கள் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மேசைமேல் ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் யாரும் வருவதில்லை; ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒருமுறை அடித்துக்கொள்வார். சிலிண்டரைத் துடைத்தது ஏன் என்று அப்பா எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதத்தை அவர் முழுதாகப் படித்தார். 'விருந்தினர் வருகிறார் என்று சுத்தம் செய்தேன்' என்ற வரியின் கீழ்க் கோடு போட்டார். அப்போதுதான் சொட்டு பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசினார். நான் அதை அன்றே எழுதி வைத்ததால் சொல் மாறாமல் தர முடிகிறது.

"இந்த வாரியம் கசிவுக்கு எதிரி இல்லீங்க. அதை முதல்ல புரிஞ்சுக்கணும். கசிவு இல்லைன்னா நாங்க எதுக்கு? போன வருஷம் இந்தத் துறையில பதினாலு விபத்து. இந்த வருஷம் ஒண்ணுகூட இல்லை. எப்படி சாதிச்சோம்? எல்லாப் படகையும் கட்டிப்போட்டுட்டோம். கட்டிப்போட்ட படகு எங்கயாவது மோதிக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அப்பா இல்லை என்றார்.

"அதான். உங்களை மாதிரி தானா வந்து சொல்றவங்கதான் எங்களுக்குப் பலம். சொல்லாதவங்களைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட ஆள் இல்லை. அவங்கபாட்டுக்கு ஓட்டிக்கிட்டிருக்காங்க."

மணி அடித்தது. யாரும் வரவில்லை.

அன்று எங்களுக்குக் கிடைத்ததன் பெயர் கசிவுப் பராமரிப்பு ஆணை. நிபுணர் குழு வந்து பார்க்கும்வரை கசிவை அதன் இயல்பான நிலையில் காத்து வைக்க வேண்டும். துடைக்கக் கூடாது. கசிந்து குறையும் ஆயிலை உரிமையாளரே தினம் ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்காகக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், கட்டிய நிலையிலேயே எஞ்சினை ஓட்டிச் சக்கரத்தைத் திருப்பலாம். எத்தனை சொட்டு விழுகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். உரிமையாளர் சம்பந்தப்பட்டவர் என்பதால் அவர் எண்ணக் கூடாது. நான் யாரிடமும் பேசாத பெண் என்பதால், வெளி ஆட்களின் பேச்சுக்கு மசிய மாட்டேன் என்று முடிவு செய்து என்னை எண்ணச் சொன்னார்கள். படிப்பை நிறுத்திய பிறகு என் மேல் வைக்கப்பட்ட முதல் நம்பிக்கை அது. சொட்டு என்பது கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் சொட்டு என்று இடைக்கால விளக்கம் ஒன்றையும் கண்காணிப்பாளர் தட்டச்சு செய்து கொடுத்தார்.

அப்படி எங்கள் நாட்கள் ஆரம்பித்தன. அப்பா சக்கரத்தை ஐந்து தடவை இடமும் ஐந்து தடவை வலமும் திருப்புவார். நான் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து டப்பாவைப் பார்ப்பேன். காலை முப்பத்தொன்று, மாலை இருபத்தொன்பது. தீவுக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து விசாரித்தார்கள். பிறகு சரக்குப் படகில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போகப் பழகிக்கொண்டார்கள். போகும்போது கையாட்டினார்கள். பிறகு அதையும் விட்டார்கள். கட்டிய படகில் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு எத்தனை நாள்தான் கையாட்ட முடியும்?

அம்மா ஐஸ் தொழிற்சாலையில் கட்டிகளை உடைத்துப் பெட்டியில் போடும் வேலைக்குப் போனாள். திரும்பி வந்து கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே கேட்பாள். "இன்னிக்கு எத்தனை?"

சொல்வேன்.

"இந்த வீட்டுல ஒழுங்கா வேலைக்குப் போற ஆம்பளை அந்தச் சொட்டு ஒண்ணுதான்."

அப்பா தலையைக் குனிந்து சாப்பிடுவார். அவருக்குக் கோபம் வராது. குழு வந்துவிடும் என்பார். வாரத்துக்கு இரண்டு முறை அலுவலகம் போய் மூன்றாம் ஜன்னலில் கேட்பார். குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் தயார். மூன்றாமவர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்று அக்கா சொல்வார். அவரை நியமிக்கக் குழு கூட வேண்டும். குழு கூட மூன்று பேர் வேண்டும். இதைச் சொல்லும்போது அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வதுபோல.

அரைமணி மாமா அவ்வப்போது படகுத்துறைக்கு வருவார். சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய வளையம் இருக்கும்.

"அண்ணே, பாப்பா கண்ணை மூடிக்கட்டும். அரை மணி. ஒருத்தருக்கும் தெரியாது."

"ரெஜிஸ்டருக்குத் தெரியும்," என்பார் அப்பா. "முப்பது முப்பதுன்னு வந்துக்கிட்டிருந்தது திடீர்னு சைபர் ஆனா என்ன பதில் சொல்றது?"

மாமா தகர டப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவார். ஒரு கசிவைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது அவருக்கு உடம்பு வலியாகவே இருந்தது.

ஐம்பத்தி இரண்டாம் நாள் அந்தச் சங்கதி நடந்தது. காலையில் இருபது சொட்டு. மாலையில் ஒன்பது. அடுத்த நாள் நான்கு. அதற்கடுத்த நாள் நான் பத்து நிமிடமும் டப்பாவைப் பார்த்தபடி இருந்தேன். ஒன்றும் விழவில்லை. அப்பா இன்னும் இரண்டு தடவை திருப்பினார். ராடு காய்ந்து மின்னியபடி வெளியே வந்தது, உள்ளே போனது.

மாமாவைக் கூப்பிட்டோம். அவர் முகர்ந்து பார்த்தார், ஆயில் டப்பாவைக் கேட்டார், பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"எந்த ஆயில்ண்ணே ஊத்தினீங்க?"

"நல்லதுதான். உள்ளதுலயே நல்லது."

தினம் வீணாகப் போகும் ஆயில்தானே என்று மட்டமானதை ஊற்ற அப்பாவுக்குக் கை வரவில்லை. படகுக்குள் போகிற பொருள் நல்லதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். அந்த நல்ல ஆயிலைக் குடித்துக் குடித்துக் காய்ந்த ரப்பர் இளகி, உப்பி, ராடைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கசிவு தானாகவே குணமாகிவிட்டது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. அப்பா அந்த விரலை வைத்தபடி அப்படியே நின்றார். இரண்டு மாதத்தில் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான்.

மூன்றாம் ஜன்னல் அக்காவிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கம்பியோடு ஒட்டி நின்றார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. கோப்பு முழுக்கக் கசிவு இருக்கு. குழு வந்து பாக்கறப்ப இல்லைன்னா ஆதாரத்தை அழிச்சதா எடுத்துக்குவாங்க. ஏற்கெனவே ஒரு தடவை துடைச்சிருக்கீங்க. தடம் மட்டும் இல்லை, படகு ஓட்டற உரிமமே ஆயுசுக்கும் போயிடும். மூணாவது ஆளைப் போட்டாச்சு. எந்த நாளும் வந்துடுவாங்க."

"இப்ப நல்லா இருக்கும்மா," என்றார் அப்பா. "நல்லா ஆயிடுச்சு." அப்பா அவரை மேடம் என்று கூப்பிட மறந்த ஒரே நாள் அது.

"நல்லா ஆக அனுமதி இல்லையேண்ணே," என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஐம்பத்தாறாம் நாள், மதியம், அரைமணி மாமா கசிவு உண்டாக்க வந்தார். முப்பது வருடம் கசிவை அடைத்தே வாழ்ந்தவர். அவர் அரை மணி என்று சொல்லாமல் ஆரம்பித்த வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஊசியால் குத்திப் பார்த்தார், ரப்பர் மூடிக்கொண்டது. உப்புத்தாளால் தேய்த்தார், சொட்டவில்லை. அவர் கை தானாகவே நல்லபடியாகச் செய்யப் போனது. அதை இழுத்துப் பிடித்துக் கெட்டதாகச் செய்யவைப்பது பெரும்பாடாக இருந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மெல்லிய திருப்புளியை வளையத்துக்குள் விட்டு நெம்பினார். ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. மாமா கையை எடுத்துவிட்டார். ராடின் மேல், வளையத்தை ஒட்டிச் சுண்டு விரல் நீளத்துக்கு, ஒரு கீறல்.

அப்பா சக்கரத்தைத் திருப்பினார். டப்பாவில் சொட்டு விழுந்தது. நான் எண்ணினேன். நாற்பது. மாமா கடல் தண்ணீரில் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

குழு எண்பத்தெட்டாம் நாள்தான் வந்தது. படகுத்துறையில் துணிப்பந்தல் போட்டு நாற்காலி வரிசை வைத்தார்கள். குழுத் தலைவர் படகில் ஏறவில்லை. கரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூரநோக்கிக் கண்ணாடியால் சிலிண்டரைப் பார்த்தார்.

"தண்ணி எனக்கு ஒத்துக்காதுங்க," என்று ஒலிபெருக்கியில் சொன்னார். "படகுல கால வெச்சதே இல்லை. அதனாலதான் இந்தப் பொறுப்பு எனக்கு வந்துச்சு. ஏறினவங்களுக்கு ஒரு பாசம் வந்துடுது. ஓடணும், போகணும், வரணும்னு நினைக்க ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு அந்தப் பலவீனம் கிடையாது."

கைதட்டினார்கள். என் பதிவேட்டைக் குழுவின் இரண்டாமவர் புரட்டினார். இடையில் இரண்டு நாள் சொட்டு இல்லாததை அவர் பார்க்கவில்லை. கையெழுத்து அழகாக இருப்பதைப் பார்த்தார். ஒரு சொட்டைச் சீசாவில் பிடித்து, முத்திரை வைத்து, சொட்டோடு எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கசிவைத் தான் பார்த்ததே இல்லை என்று தலைவர் சொன்னார். அங்கேயே அனுமதி எழுதினார்: ரப்பர் வளையத்தை மாற்றலாம்.

அரைமணி மாமா அந்த இடத்திலேயே வளையத்தை மாற்றினார். கடிகாரம் பார்த்தேன். சரியாக அரை மணி. அப்பா எஞ்சினை ஓட்டிச் சக்கரத்தைத் திருப்பினார். ராடு வெளியே வந்தது. கீறலும் வெளியே வந்தது; உள்ளே போகும்போது புது வளையத்தின் உதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. ஆயில் சொட்டாக வரவில்லை, கோடாக வந்தது.

"வளையம் நிக்காதுண்ணே," என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "மொத்த சிலிண்டரையும் மாத்தணும்."

அப்பா அலுவலகத்துக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மூன்றாம் ஜன்னலில் அக்கா கையைப் பிசைந்தார். பழுதுபார்ப்பது இந்தப் பிரிவு. மாற்றுவது மேல் மாடியில் வேறு பிரிவு. மேல் மாடியில் ஒரே ஒரு தாள்தான் கேட்டார்கள். பழைய பாகத்தைப் பழுதுபார்க்க முடியாது என்று நிபுணர் குழுவின் சான்று. நிபுணர் குழுவோ அன்று மதியம்தான், பழுதுபார்க்கலாம் என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்திருந்தது. அதை மறுத்து எழுத வேண்டுமானால் புதிய கசிவு அறிவிப்புப் படிவம் கொடுத்து முதலிலிருந்து வர வேண்டும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்பா அந்தப் படிகளில் ஏறி இறங்கினார். எண்பத்தொன்பது. தொண்ணூறு.

தொண்ணூற்றி ஒன்றாம் நாள் கண்காணிப்பாளர் எங்களை மரியாதையாக அழைத்து உட்காரவைத்தார். அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மணி அடித்தார். தடம் காலாவதியாகிவிட்டது, அதில் யாருடைய விருப்பு வெறுப்பும் இல்லை, அது தானாகவே ஆவது என்றார். தீவு மக்கள் அவதிப்படக் கூடாது என்பதால் பொதுநலன் கருதி வாரியத்தின் ஆய்வுப் படகே இனி அந்தத் தடத்தில் ஓடும். வாரியத்தின் படகைச் சோதிக்க வாரியத்துக்கு விதியில் இடமில்லை என்பதால் அது தாமதமே இல்லாமல் ஓடும் என்பதையும் பெருமையோடு சொன்னார்.

"நீங்க மனசு விட்டுடக் கூடாது," என்றார். "உங்க படகை வாரியமே பத்திரமா வெச்சுக்கும். புதுசா சேர்ற ஆய்வாளருங்களுக்குக் கசிவுன்னா என்னன்னு காட்ட ஒரு மாதிரி வேணும். தினம் ஆயில் ஊத்த ஒரு ஆளும் வேணும். உங்களைவிடப் பொருத்தமானவர் யாரு? யோசிச்சுப் பாருங்க. இருக்கற இடத்துலயே உக்காந்துக்கிட்டு செய்யற வேலை."

மூன்றாம் ஜன்னல் அக்காவைக் குறிப்பெடுக்க உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். அவர் சுவரோரம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். கூட்டம் இத்தனை மணிக்குத் தொடங்கியது. உரிமையாளருக்கு நிலைமை விளக்கப்பட்டது. உரிமையாளர் வாரியத்தின் அணுகுமுறையைப் பாராட்டி நன்றி தெரிவித்தார். கூட்டம் இனிதே நிறைவுற்றது. அக்காவின் பேனா ஓர் இடத்தில் நின்றது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அதுவரை வாயே திறந்திருக்கவில்லை.

"எழுதுங்க மேடம், எழுதுங்க," என்றார் கண்காணிப்பாளர். பிறகு அப்பாவிடம் சிரித்தார். "எழுதியாச்சு. நீங்க அந்த நன்றியை ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா சரியா இருக்கும். இல்லைன்னா குறிப்பு பொய்யாயிடும் பாருங்க. இந்த வாரியத்துல பொய்க் குறிப்பே கிடையாது."

எல்லோரும் காத்திருந்தோம். நான் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்லிவிடுகிறவர் அவர். நேற்று நாலு மணி என்று கேட்டார்கள், சொன்னார். கசிய வேண்டும் என்றார்கள், கசியவைத்தார். இதையும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் உதடு ஒருமுறை பிரிந்தது.

அப்பா எழுந்தார். உரிமப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் மணிக்குப் பக்கத்தில் வைத்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். கண்காணிப்பாளர் இன்னும் சிரித்தபடி, காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி, இருந்தார். அப்பா கதவைத் திறந்துகொண்டு போனார்.